அவர் என்றால் 'ஹீ'யா, 'ஷீ'யா?

(பாடசாலை மண்டபத்தில் நடந்த பெற்றோர், மாணவர் ஒன்றுகூடலில் மாலைநேர ஆங்கில வகுப்பு ஆசிரியர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பைக்கூட மூட்டாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரம் எவ்வளவு பெறுமதியானது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று நாங்கள் பேச வந்தது ஆங்கிலத்தில் உள்ள சில சின்னச் சொற்களைப் பற்றி. 'ஐ', 'மீ', 'ஹீ', 'ஷீ', 'வீ', 'தே'. இலக்கணத்தில் இவற்றைப் பிரதிப்பெயர் என்று சொல்லுவோம். ஒருவருடைய பெயருக்குப் பதிலாக நிற்கிற சொல். "இதெல்லாம் புள்ளைங்க படிக்கிற பாடம், எங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். செக்ரோலில் பேர் மாறிப்போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் வேலை செய்ய, இன்னொருவருக்குப் பேர் விழும். கடிதத்தில் பிரதிப்பெயர் மாறிப்போனாலும் அதே கதைதான்.

இது எங்கள் சொந்தத் தவறிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கடிதத்தின் கதை

எங்கள் வகுப்பில் ஒரு பையன் படித்தான். கெட்டிக்காரன். 'ஐ, மை, மீ. யூ, யுவர், யூ. ஹீ, ஹிஸ், ஹிம்' என்று அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பிப்பான். நாங்களும் சந்தோஷமாகச் சரி போட்டுக்கொடுத்தோம். அவனுடைய அப்பா காலமானார். அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுப்பதற்காக அம்மா அலைந்துகொண்டிருந்தார். "இங்கிலீசுல எழுதினா சீக்கிரம் பார்ப்பாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பையன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினான். எங்களிடமும் காட்டினான். நாங்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, "நல்லா இருக்கு, அனுப்பு" என்றோம்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: 'மை பாதர் டைட். மை மதர் இஸ் எ லேபரர். ஹீ ஹேஸ் த்ரீ சில்ட்ரன். ஹீ லிவ்ஸ் இன் தி லைன் ரூம். ஹீ வோன்ட்ஸ் ஹிஸ் மணி.'

பையன் மனதில் என்ன நினைத்தான்? "எங்கள் அப்பா இறந்துவிட்டார். எங்கள் அம்மா ஒரு தொழிலாளி. அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் லயத்தில் இருக்கிறார். அவர் பணத்தைக் கேட்கிறார்." தமிழில் ஒரு குறையும் இல்லை. அவர் என்றால் அம்மாதான் என்று நமக்கு விளங்குகிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஹீ' என்றால் ஆண். அந்தக் கடிதத்தில் ஆண் ஒருவர்தான் இருக்கிறார், அவர் இறந்துபோன அப்பா. ஆகவே வாசித்தவருக்கு, இறந்தவர் லயத்தில் குடியிருந்துகொண்டு தன்னுடைய பணத்தைத் தானே கேட்பதாக விளங்கியது.

கடிதம் திரும்பி வந்தது. விண்ணப்பம் செய்கிறவர் யார், இறந்தவர் யார் என்று தெளிவாக அறியத்தரவும் என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தாய் அதைச் சரிப்படுத்த மேலும் கீழுமாக நான்கு தடவை டவுனுக்குப் போய்வந்தார். கடைசியில் எங்களிடம் வந்து ஒன்று கேட்டார்: "நாலு நாள் பேர் போச்சு தம்பி. ஒரு சொல்லுக்கா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பையன்மேல் பிழை இல்லை. அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்த நாங்கள், அந்தச் சொல் யாரைக் காட்டுகிறது என்று கேட்கப் பழக்கவில்லை. பிழை எங்களுடையது. அன்றிலிருந்து நாங்கள் பாடம் சொல்லித்தருகிற முறையையே மாற்றிக்கொண்டோம். இப்போது ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: "யாரு?"

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசாங்கக் காரியாலயங்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1987 ஆம் ஆண்டு வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை இருக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தெளிவான தமிழில் எழுதுவது மேல். ஆங்கிலத்தில் எழுதத்தான் போகிறோம் என்றால், யார் எவர் என்பதைப் பிழையில்லாமல் எழுதவேண்டும்.

மரியாதை வேறு, ஆண் பெண் வேறு

நமது பிள்ளைகளுக்கு இந்தப் பிழை ஏன் வருகிறது? அவர்கள் மக்கு என்பதால் அல்ல. நல்ல தமிழ் பேசுவதால்தான் வருகிறது.

தமிழில் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது முதலில் பார்ப்பது மரியாதையை. வயதில் சின்னவனை அவன் என்கிறோம், சின்னவளை அவள் என்கிறோம். பெரியவர் என்றால் ஆணானாலும் பெண்ணானாலும் அவர்தான். பேச்சில் அவங்க என்போம். ஆங்கிலம் இங்கே மரியாதையைப் பார்ப்பதில்லை. ஆணா, பெண்ணா என்பதை மட்டும் பார்க்கிறது. தாத்தாவும் 'ஹீ'தான், தொட்டிலில் கிடக்கிற தம்பியும் 'ஹீ'தான். பாட்டியும் 'ஷீ', பால்குடிக்கிற தங்கையும் 'ஷீ'. நமது சிங்களச் சகோதரர்களின் பிள்ளைகளுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. அவர்கள் பேச்சில் 'எயா' என்ற ஒரு சொல் ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும்.

சில பிள்ளைகள் எழுதுகிறார்கள்: 'மை மதர் இஸ் எ ப்ளக்கர். தே கோ டு வர்க் ஏர்லி.' அம்மாவை எப்படி ஒருமையில் சொல்வது என்று பயந்து, அவங்க என்பதற்கு 'தே' போடுகிறார்கள். அந்த மரியாதை நல்ல குணம்தான். ஆனால் ஆங்கிலக்காரர் வாசித்தால், அம்மாவோடு வேறு சிலரும் வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். 'ஷீ கோஸ் டு வர்க் ஏர்லி' என்று எழுதுங்கள். 'ஷீ' என்று சொல்வது அம்மாவை அவள் என்று சொல்வது ஆகாது. அந்தச் சொல்லில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. மரியாதை காட்டவேண்டும் என்றால் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்', 'மிசிஸ்' போடலாம், அழைக்கும்போது 'சேர்', 'மெடம்' சொல்லலாம்.

இன்னும் சில பிள்ளைகள் அதற்கு நேர்மாறு. "பாட்டி வருது", "பாப்பா அழுவுது" என்று நாம் அன்பாகப் பேசுகிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தில் 'இட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'மை கிராண்ட்மதர் இஸ் ஓல்ட். இட் இஸ் சிக்.' இது கூடாது. ஆங்கிலத்தில் 'இட்' என்பது கூடைக்கும், மாட்டுக்கும், மழைக்கும். நமது பாட்டிக்கு அல்ல. அவருக்கு 'ஷீ'.

அப்படியானால் ஒருவருக்கு 'தே' வரவே வராதா? வரும். ஆள் யார், ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் வரும். 'இஃப் எ வர்க்கர் லூசஸ் தெயர் கார்ட், தே மஸ்ட் டெல் தி ஆபிஸ்.' எந்தத் தொழிலாளி காட்டைத் தொலைத்தாலும், அவர் காரியாலயத்தில் சொல்லவேண்டும் என்று அர்த்தம். இதை இன்று புதிதாக வந்த மோஸ்தர் என்று நினைக்கக்கூடாது. ஆங்கிலத்தில் 14 ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படி எழுதியிருக்கிறார்கள். நடுவில் சில இலக்கண ஆசிரியர்கள் இது பிழை என்றார்கள். இப்போது மறுபடியும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 2019 இல் வெளிவந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து வழிகாட்டி நூலும் இதைச் சரி என்றது. தங்களை 'ஹீ' என்றோ 'ஷீ' என்றோ சொல்லவேண்டாம், 'தே' என்றே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவரை அவர் விரும்புகிறபடி அழைப்பதுதானே முறை. ஒருவருக்குச் சொன்னாலும் 'தே'க்குப் பின்னால் 'ஆர்'தான் வரும், 'இஸ்' வராது. பரீட்சைத் தாளில் சந்தேகமாக இருந்தால் 'ஹீ ஓர் ஷீ' என்று எழுதினாலும் பிழையில்லை. அம்மா நமக்குத் தெரிந்த ஆள். அவருக்கு 'ஷீ'தான்.

எல்லோருக்கும் ஒரே 'யூ'

எதிரில் நிற்கிறவரோடு பேசும்போது தமிழில் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு இருக்கின்றன. யாருக்கு எது என்பதில்தான் எத்தனை மனவருத்தம்! நமது பாட்டன் காலத்தில் பெரட்டுக் களத்தில் நரைத்த தலையையும் நீ, வா, போ என்று கூப்பிட்டதைக் கேட்டவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். பெரிய தொரைக்கும் 'யூ', கூடை சுமக்கிற அக்காவுக்கும் 'யூ'. ஒருவருக்கும் 'யூ', நூறு பேருக்கும் 'யூ'.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் இரண்டு இருந்தன. நெருங்கியவருக்கும் கீழே உள்ளவருக்கும் 'தவ்', மேலே உள்ளவருக்கும் பலருக்கும் 'யூ'. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில், அதாவது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டும் வழக்கத்தில் இருந்தன. பிறகு பொதுப்பேச்சில் 'தவ்' மறைந்து 'யூ' மட்டும் நின்றது. அதாவது நீ போய், நீங்கள் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பெரியவரைப் பார்த்து 'யூ' என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று விழிக்க வேண்டாம். தைரியமாகச் சொல்லுங்கள்.

தமிழில் ஒளிந்திருக்கிற ஆள்

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலைக்கு வரல." இதில் நான் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் போனது யார் என்று தெரிகிறது, இல்லையா? போனேன் என்பதன் வாலில் நான் ஒளிந்திருக்கிறது. போனான் என்றால் அவன், போனாள் என்றால் அவள், போனோம் என்றால் நாம் அல்லது நாங்கள். தமிழ் வினைச்சொல் தன் வாலிலேயே ஆளைக் கட்டிக்கொண்டு வருகிறது.

ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. 'வென்ட்' என்றால் நான் போனதும் 'வென்ட்', அவள் போனதும் 'வென்ட்', ஊரே போனதும் 'வென்ட்'. 'யெஸ்டர்டே வென்ட் டு ஹொஸ்பிட்டல்' என்று எழுதினால் போனது யார்? லீவு கேட்கிறவரா, அவருடைய பிள்ளையா? வாசிக்கிறவர் ஊகிக்க வேண்டியதுதான். ஊகிக்கிறவர் நமக்குச் சாதகமாகத்தான் ஊகிப்பார் என்று என்ன நிச்சயம்? 'ஐ வென்ட்' என்று எழுதுங்கள். மகள் போனாள் என்றால் 'மை டோட்டர் வென்ட், என்ட் ஐ வென்ட் வித் ஹேர்' என்று எழுதுங்கள்.

ஒரேயொரு சின்ன வால் ஆங்கிலத்துக்கும் உண்டு. இப்போது நடக்கிறதைச் சொல்லும்போது 'ஹீ', 'ஷீ', 'இட்' மூன்றுக்கும் பின்னால் வினைச்சொல்லில் ஓர் 'எஸ்' ஒட்டும். 'ஷீ வர்க்ஸ்', 'தே வர்க்'. அதை மறக்கவேண்டாம்.

இதற்கு எதிரான பிழையும் இருக்கிறது. 'மை பாதர் ஹீ இஸ் வர்க்கிங் இன் தி பேக்டரி.' அப்பாவையும் போட்டு, அப்பாவுக்குப் பதிலாக 'ஹீ'யையும் போட்டால் ஓர் ஆளுக்கு இரண்டு பேர் போட்டது மாதிரி. ஒன்று போதும்.

நாமா, நாங்களா?

இப்போது சொல்லப்போவதைப் பெரியவர்களும் கவனமாகக் கேளுங்கள்.

தமிழில் நாம் என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. நாங்கள் என்றால் கேட்கிறவர் சேர்த்தி இல்லை. "நாம சாப்பிடுவோம்" என்றால் வந்த விருந்தாளிக்கும் சாப்பாடு உண்டு. "நாங்க சாப்பிடப்போறோம்" என்றால் அவர் எழுந்து போகவேண்டியதுதான்! இவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை. நாமும் 'வீ', நாங்களும் 'வீ'.

ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகியது. பெற்றோரும் நிர்வாகத்தாரும் கூடிப் பேசினார்கள். நிர்வாகத்தின் சார்பில் வந்தவர், "நாங்க செஞ்சு தாறோம்" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். பெற்றோர் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார்: 'வீ வில் ரிப்பேர் தி ரூஃப்.' இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? குறிப்பை எழுதியது பெற்றோர் குழு. ஆகவே 'வீ' என்றால் பெற்றோர் குழுதான் என்று வாசிக்கப்பட்டது. சொன்னவருடைய நாங்கள், எழுதியவருடைய நாங்கள் ஆகிவிட்டது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் பிள்ளைகளின் தொட்டிலுக்குக் கீழே வாளி வைக்கவேண்டி வந்தது.

இதற்குக் காரணம் நமது மொழியின் ஒரு பழக்கம். தமிழில் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது, அவர் வாயில் வந்தபடியே சொல்லி, என்று சொன்னார் என்று முடிப்போம். "நான் வரமாட்டேன்னு மருந்தையா சொன்னாரு." வராதது யார்? மருந்தையா. சொல்கிறவர் அல்ல. அதை அப்படியே 'ஹீ செட் ஐ வில் நொட் கம்' என்று கடிதத்தில் எழுதினால், வராதது கடிதம் எழுதிய நாம் ஆகிவிடுவோம்! ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும்போது ஆளையும் திருப்பவேண்டும்: 'ஹீ செட் தட் ஹீ வுட் நொட் கம்.'

ஆகவே கடிதம், முறைப்பாடு, கூட்டக் குறிப்பு எதுவானாலும், முதல் தடவை 'வீ' என்று தனியாக எழுதாதீர்கள். 'வீ, தி பேரன்ட்ஸ் ஒஃப் தி லோவர் டிவிஷன்' என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தார் சொன்னதை எழுதும்போது 'தி மேனேஜ்மென்ட் செட் தட் தே வுட் ரிப்பேர் தி ரூஃப்' என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள், ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதியவரைப் பார்த்துக் கேளுங்கள்: "இதில் 'வீ'ன்னா யாரு தம்பி?" அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

செய்கிறவர், வாங்குகிறவர், சொந்தக்காரர்

இனிப் பிள்ளைகளுக்கான பாடம். ஒரே ஆளுக்கு ஏன் 'ஐ', 'மீ', 'மை', 'மைன்' என்று நான்கு சொற்கள் என்று கேட்கிறார்கள். தமிழிலும் அப்படித்தானே? நான் என்று தொடங்கியது என்னை, எனக்கு, என், என்னுடையது என்று மாறவில்லையா? நான் கொடுத்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்குக் கொடுத்தார் என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதே ஒழுங்குதான்.

வேலையைச் செய்கிறவர் வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்பார்: 'ஐ', 'ஹீ', 'ஷீ', 'வீ', 'தே'. வேலை யாரிடம் போய்ச் சேர்கிறதோ அவர் பின்னால் நிற்பார்: 'மீ', 'ஹிம்', 'ஹேர்', 'அஸ்', 'தெம்'. என்னை, எனக்கு இரண்டுக்கும் 'மீ' ஒன்றே போதும். 'யூ'வும் 'இட்'டும் எங்கே நின்றாலும் மாறாது. அடுத்தது சொந்தம். பொருளின் பெயர் கூட வந்தால் 'மை', 'ஹிஸ்', 'ஹேர்', 'அவுர்', 'தெயர்'. பொருளின் பெயர் வராமல் தனியாக நின்றால் 'மைன்', 'ஹிஸ்', 'ஹேர்ஸ்', 'அவுர்ஸ்', 'தெயர்ஸ்'. 'திஸ் இஸ் மை பாஸ்கட்', இது என் கூடை. 'திஸ் பாஸ்கட் இஸ் மைன்', இந்தக் கூடை என்னுடையது.

'அவுர்' என்று வாசிக்கும்போது சின்னப் பிள்ளைகள் தமிழில் உள்ள அவர் என்று நினைத்துவிடுகிறார்கள். 'அவுர் ஹவுஸ்' என்றால் அவர் வீடு அல்ல. எங்கள் வீடு, நம்முடைய வீடு.

பெரிய படிப்புப் படித்தவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து வரும் இடம். 'மை சிஸ்டர் என்ட் ஐ' என்பதா, 'மை சிஸ்டர் என்ட் மீ' என்பதா? இதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறோம். தங்கையைக் கொஞ்சநேரம் வீட்டில் விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். 'தி டீச்சர் கேவ் புக்ஸ் டு ஐ' என்று வருமா? வராது. 'டு மீ' என்றுதான் வரும். அப்படியென்றால் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் 'டு மை சிஸ்டர் என்ட் மீ'தான். 'ஐ' போட்டால் கௌரவம் என்று நினைத்து எல்லா இடத்திலும் அதைப் போடவேண்டாம். 'வித்', 'டு', 'போர்', 'பிட்வீன்' போன்ற சொற்களுக்குப் பின்னால் 'மீ'தான் சரி. இரண்டு பேரைச் சொல்லும்போது மற்றவரை முன்னால் சொல்லித் தன்னைப் பின்னால் சொல்வது அங்கே மரியாதை.

நேர்முகப் பரீட்சையில் 'மைசெல்ஃப் இன்னார்' என்று தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். 'மை நேம் இஸ்' அல்லது 'ஐ ஆம்' போதும். 'மைசெல்ஃப்' என்பது நானே எனக்குச் செய்துகொள்வதற்கு: 'ஐ கட் மைசெல்ஃப்', என்னை நானே வெட்டிக்கொண்டேன். நானே என்று அழுத்திச் சொல்லவும் வரும்: 'ஐ ரோட் இட் மைசெல்ஃப்', நானே எழுதினேன்.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நான் என்கிற 'ஐ' வசனத்தில் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துத்தான். அதனுடைய என்று பொருள்தரும் 'இட்ஸ்', அவளுடையது என்று பொருள்தரும் 'ஹேர்ஸ்', உங்களுடையது என்று பொருள்தரும் 'யுவர்ஸ்', இவற்றில் மேலே தொங்குகிற காற்புள்ளி வராது. 'இட்ஸ்' என்பதில் அந்தப் புள்ளியைப் போட்டால் 'இட் இஸ்' என்று அர்த்தம் மாறிவிடும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு

"எங்களுக்கு ஏ, பி, சி தெரியாது. புள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறது?" என்று எத்தனையோ தாய்மார் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் சொல்வது இதுதான்: உங்களால் முடியும்.

பிள்ளை எழுதியதை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் "யாரு?" என்று கேளுங்கள். "அவரு வந்தாருன்னு எழுதியிருக்கேன்." "எவரு? ஆம்பளையா, பொம்பளையா?" "அவங்க கொடுத்தாங்க." "ஒருத்தரா, பல பேரா?" "நாங்க செய்வோம்." "நாங்கன்னா யாரு? நானும் உண்டா?" பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் பிரதிப்பெயரை எடுத்துவிட்டுப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். அப்பா என்றால் 'மை பாதர்', அம்மா என்றால் 'மை மதர்'. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அழகு குறையலாம். ஆனால் கடிதம் திரும்பி வராது. பேரும் போகாது.

இன்றிரவு லயத்துக்குப் போய் ரொட்டி சுடுகிற நேரத்திலேயே இதைத் தொடங்கலாம். பிள்ளைகளே, இந்த ஐந்து வசனங்களையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. பாட்டிக்குச் சுகமில்லை. அவங்க படுத்திருக்காங்க.
2. அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.
3. நேற்று வரவில்லை. (நான்)
4. தான் நாளைக்கு வருவதாக அக்கா சொன்னாள்.
5. இந்தக் கூடை அவளுடையது.

விடைகளில் பிரதிப்பெயர் இப்படி வரவேண்டும். முதலாவதில் 'ஷீ', 'தே' அல்ல. இரண்டாவதில் 'மை பிரதர் என்ட் மீ'. மூன்றாவதில் 'ஐ' கட்டாயம் வேண்டும். நான்காவதில் 'ஷீ செட் தட் ஷீ', இரண்டு இடத்திலும் 'ஷீ'. ஐந்தாவதில் 'ஹேர்ஸ்'. ஐந்தும் சரியென்றால் அம்மாவிடம் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. பணம் அவருக்குக் கிடைத்தது. தாமதமாகத்தான் கிடைத்தது. கடைசிக் கடிதத்தை அந்தப் பையனே மறுபடியும் எழுதினான். எழுதும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் "இது யாருடா, நானா, ஒங்கப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாத அந்தத் தாய்தான் எங்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தந்தவர். நாங்கள் இன்று உங்களுக்குச் சொன்னது அவருடைய கேள்வியைத்தான்.

நமது பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் எழுதவேண்டும். அதில் யார் யார் என்பது தெளிவாக இருக்கவேண்டும். நேரம் போய்விட்டது, உலை காத்திருக்கும்.